எந்த வேகத்தில் நீந்தினால் சரி? கோலாலம்பூரில் பொழுதுபோக்காக நீந்தும் பெரியவர்களின் கேள்விகள்

நான் நீந்தக் கற்றுக்கொண்டது முப்பத்தொன்பதாவது வயதில், செந்தூலில் தோழி ஒருத்தியின் கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) குளத்தில். இது ஏழாவது வருடம். இப்போது ஞாயிறு காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நீந்துகிறோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியை, லாரி ஓட்டுகிற அண்ணன், கணக்காளர், வேலை ஓய்வு பெற்ற தாதி என்று எல்லா வகை ஆட்களும் உண்டு. பதக்கம் யாருக்கும் வேண்டாம். ஆனால் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கும்போது எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "இந்த வேகம் எனக்குச் சரிதானா?" குளத்தோரம் துண்டு துண்டாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். ஃப்ரீஸ்டைலை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற நீச்சலுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

பேஸ், பேஸ் என்கிறார்களே, அது என்ன?

100 மீட்டர் நீந்த ஆகும் நேரம். ஓடுகிறவர்கள் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று சொல்வதைப் போல, நீந்துகிறவர்கள் 100 மீட்டருக்குச் சொல்கிறார்கள். 2:30 என்றால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 30 நொடி. 25 மீட்டர் குளத்தில் நான்கு லேப், 50 மீட்டர் குளத்தில் இரண்டு லேப்.

எனக்கு 44 வயது. 100 மீட்டரை எத்தனை நிமிடத்தில் நீந்த வேண்டும்?

வயதை வைத்து இப்படி ஓர் எண் சொல்ல முடியாது. எங்கள் குழுவிலேயே ஒருவர் 1:50-இல் நீந்துகிறார், இன்னொருவருக்கு 3:40 ஆகிறது. இருவருக்கும் ஒரே வயது. முதலாமவர் பள்ளி நாள்களில் நீந்தியவர். இரண்டாமவர் போன வருடம்தான் தண்ணீரில் முகத்தை வைத்தார்.

சீனாவின் பான் ஜான்லே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 46.40 நொடியில் நீந்தி உலக சாதனை படைத்தார். அதைப் பார்த்து நமக்குக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. அதே பாரிஸில் அமெரிக்காவின் பாபி ஃபிங்க் 1500 மீட்டரை 14 நிமிடம் 30.67 நொடியில் முடித்ததில் நமக்குப் பாடம் உண்டு. சராசரி பார்த்தால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 58 நொடி. அப்படிப் பதினைந்து முறை, நடுவில் ஒரு நொடிகூட நிற்காமல். உங்கள் வேகம் சரியா என்று பார்க்க நான் கேட்பதும் இதைத்தான்: எட்டாவது நூறு மீட்டர் முதல் நூறு மீட்டரைப் போல வருகிறதா? வந்தால் 3:40-உம் நல்ல பயிற்சி வேகம். வராவிட்டால் 1:50-உம் உங்களுக்கு அதிகம்.

முதல் லேப் சுகமாகப் போகிறது. மூன்றாவது லேப்பில் மூச்சு முட்டுகிறது. உடம்பில் தெம்பு இல்லையா?

தெம்பு இருக்கிறது. கிளம்பிய வேகம்தான் தப்பு. என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தசைக்குள் ஏற்கெனவே தயாராக ஒரு சக்தி இருப்பு இருக்கிறது. சுமார் 10 நொடிக்கு அது தாங்கும். அந்த நேரத்தில் எவ்வளவு வேகமாகப் போனாலும் உடம்புக்கு வலி தெரியாது. ஆக்சிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் ஏற்பாடு முழுமையாகச் சூடு பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். இந்த இடைவெளியில் நாம் அவசரப்பட்டால், உடம்பு கடன் வாங்கி ஓட்டுகிறது. கரியமில வாயு சேர்கிறது, மூளை "மூச்சு விடு, மூச்சு விடு" என்கிறது. ஓட்டத்தில் இது வந்தால் வாயைத் திறந்து இழுத்துக்கொள்ளலாம். நீச்சலில் முகம் தண்ணீருக்குள் இருக்கிறது. அதனால்தான் பயம் வருகிறது.

இன்னொன்று, தண்ணீர் தடுக்கும் விதம். வேகம் கூடக்கூட எதிர்ப்பு அதன் வர்க்கமாகக் கூடும், தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட வேகத்தின் முப்படியாகக் கூடும். கணக்குப் போட்டால், 10 சதவிகிதம் கூடுதல் வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். சாலையில் கொஞ்சம் வேகமாக நடப்பதற்கும் தண்ணீரில் கொஞ்சம் வேகமாக நீந்துவதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

எங்கள் லாரி அண்ணன் முதல் தடவை 400 மீட்டர் நேரம் எடுத்தபோது நான் சுவரோரம் உட்கார்ந்து ஒவ்வொரு நூறையும் எழுதினேன். 2:05, 2:28, 2:41, 2:46. மொத்தம் சரியாக 10 நிமிடம். கடைசி இரண்டு லேப்பில் தலை மேலே தூக்கிவிட்டது, இடுப்பு இறங்கிவிட்டது, கை தண்ணீரை அடித்தது. கரையேறி, "தங்கச்சி, நெஞ்சு வெடிக்குது" என்றார். அடுத்த தடவை அவர் மொழியிலேயே சொன்னேன்: "அண்ணே, முழு லோடோட கெந்திங் மலை ஏறுற மாதிரி கிளம்புங்க." மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதினேன். 2:24, 2:26, 2:27, 2:23. மொத்தம் 9:40. முதல் நூறில் 19 நொடி விட்டுக்கொடுத்தார், முடிவில் 20 நொடி மிச்சம். மூன்று வாரத்தில் உடம்பில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்திருக்காது. கிளம்பும் விதத்தை மட்டும் மாற்றினார்.

கூடவே இதையும் பாருங்கள்: முகம் தண்ணீரில் இருக்கும்போது மூக்கால் காற்றை விட்டுக்கொண்டே இருக்கிறீர்களா? நிறையப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பும் அந்த அரை நொடியில் விடவும் இழுக்கவும் பார்க்கிறார்கள். எந்த வேகத்தில் நீந்தினாலும் அப்படிச் செய்தால் மூச்சு முட்டத்தான் செய்யும்.

மெதுவாகப் போனால் கால் மூழ்குகிறது. அதனால்தான் வேகமாகப் போகிறேன். என்ன செய்ய?

நியாயமான கேள்வி. "மெதுவாக நீந்து" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் தண்ணீரில் மெதுவாகப் போவதே ஒரு வித்தை. கால் மூழ்குவதற்குப் பெரும்பாலும் தலைதான் காரணம். முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நீந்தினால் இடுப்பு தானாக இறங்கும். குளத்தின் தரையில் இருக்கும் கறுப்புக் கோட்டை நேர் கீழே பாருங்கள். பிடரி நீளட்டும். நெஞ்சைக் கொஞ்சம் தண்ணீருக்குள் அழுத்துங்கள்.

அப்புறம், மெதுவாகப் போவது என்றால் கையை முன்னால் நீட்டியபடி தூங்குவது இல்லை. கைச்சுற்று நிற்காமல் போகட்டும், தண்ணீரைத் தள்ளும் அழுத்தத்தை மட்டும் குறையுங்கள். காலை உதைக்காமல், ஒவ்வொரு கைவீச்சுக்கும் ஒரு தட்டு தட்டினால் போதும். தொடைக்கு நடுவே புல் பாய் (pull buoy) என்ற மிதவையை வைத்து நாலு லேப் நீந்திப் பாருங்கள். கால் மிதந்தால் எவ்வளவு நிதானமாகப் போக முடியும் என்று உடம்புக்குப் புரியும். பிறகு அதை எடுத்துவிட்டு அதே நிதானத்தைத் தேடுங்கள்.

வாட்ச் இல்லை. நிதானமா, நடுத்தரமா, கடினமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடையாள அட்டை எண்ணைச் சொல்லிப் பாருங்கள். நம் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கும் 12 இலக்கம் அது. லேப்பை முடித்துச் சுவரைத் தொட்டவுடன், ஒரே ஒரு மூச்சு இழுத்துவிட்டு, ஒவ்வொரு இலக்கமாகச் சாதாரணமாகப் பேசும் வேகத்தில் சொல்லுங்கள்.

பன்னிரண்டும் தடங்கல் இல்லாமல் வந்தால் நிதான வேகம். பிறந்த தேதியான முதல் ஆறு இலக்கத்தோடு மூச்சு தேவைப்பட்டால் நடுத்தரம், அதாவது உழைக்கிறீர்கள், ஆனால் தொடர முடியும். பிறந்த வருடத்தைக் குறிக்கும் முதல் இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை என்றால் கடின வேகம். யாரும் குளத்தில் அடையாள அட்டை எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், உதட்டுக்குள் முணுமுணுத்தால் போதும்.

உழைப்பை எண்ணால் குறிக்க ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் உருவாக்கினார். இன்று பல கோச்கள் அதை எளிதாக்கி 10-க்கு எத்தனை என்று கேட்கிறார்கள். என் கணக்கில் முழு அடையாள எண் வந்தால் 3 அல்லது 4, பாதி வந்தால் 6 அல்லது 7, இரண்டு இலக்கம் என்றால் 9. சில மாதம் பழகியபின் சுவரைத் தொடும் முன்பே எண் மனத்தில் வந்துவிடும்.

எனக்கென்று ஒரு பேஸ் எண் வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது?

400 மீட்டரும் 200 மீட்டரும் நேரம் எடுத்து நீந்த வேண்டும். உலகம் முழுக்கக் கோச்கள் பயன்படுத்தும் சோதனை இது, ஆங்கிலப் பெயரைச் (Critical Swim Speed) சுருக்கி சிஎஸ்எஸ் என்பார்கள்.

நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, முதலில் 400 மீட்டரைச் சீராக, உங்களால் முடிந்த நல்ல வேகத்தில் நீந்துங்கள். நேரத்தை எழுதுங்கள். பத்து நிமிடம் ஓய்வு, இரண்டு மூன்று லேப் சும்மா மிதந்து வாருங்கள். பிறகு 200 மீட்டர். இரண்டிலும் சுவரிலிருந்து தள்ளிக் கிளம்புங்கள், குதிக்க வேண்டாம். பெரிய நேரத்திலிருந்து சிறிய நேரத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் 100 மீட்டருக்கான பேஸ்.

நம் அண்ணனின் கணக்கு: 400-க்கு 9:40, அதாவது 580 நொடி. 200-க்கு 4:34, அதாவது 274 நொடி. வித்தியாசம் 306. பாதி 153. ஆக 2:33. நீண்ட நேரம் தாங்கக்கூடிய வேகத்தின் மேல் எல்லை ஏறத்தாழ இதுதான்.

ஓர் எச்சரிக்கை. 400-இல் களைத்துவிட்டு 200-ஐச் சோம்பலாக நீந்தினால், கழித்து வரும் எண் சின்னதாகிவிடும். அதாவது, உண்மையில் உங்களால் முடியாத ஒரு வேகத்தைக் கணக்கு காட்டும். அந்த எண்ணை நம்பிப் பயிற்சி செய்தால் மூன்றாவது நூறிலேயே நிற்பீர்கள். இரண்டிலும் ஒரே அளவு மனத்தோடு உழையுங்கள், அல்லது வேறொரு நாள் மறுபடி எடுங்கள்.

400 மீட்டர் தொடர்ச்சியாக இன்னும் வரவில்லையா? சோதனைக்கு அவசரமே இல்லை. 50 மீட்டர், அரை நிமிடம் ஓய்வு, இப்படி எட்டு முறை. அதையே ஒன்றிரண்டு மாதம் செய்துகொண்டு ஓய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

எண் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது?

வாரம் மூன்று நாள் நீந்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் அந்த எண்ணைவிட 10 முதல் 15 நொடி மெதுவாக. அண்ணனுக்கு அது 2:45 பக்கம். ஒரு நாள் மட்டும் அந்த எண்ணிலேயே: 100 மீட்டர் நீந்தி 15 நொடி ஓய்வு, ஆறு முறை. பழகப் பழகப் பத்து முறை. அவர் 2:50-க்கு ஒரு தடவை கிளம்புகிறார். 2:33-இல் வந்தால் 17 நொடி ஓய்வு கிடைக்கும். தாமதமாக வந்தால் ஓய்வு குறையும். இப்படி ஓர் ஒழுங்கு இருந்தால் ஏமாற்ற முடியாது. 50 மீட்டரை 1:16 அல்லது 1:17-இல் கடக்கிறோமா என்று பார்த்துக்கொண்டால் நூறு தானாக வரும்.

குளத்தில் பெரிய முள் கடிகாரம் இருந்தால் நல்லது. கொண்டோக்களில் பெரும்பாலும் இருக்காது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய டிஜிட்டல் வாட்சைச் சுவரோரம் ஒரு செருப்பின் மேல் சாய்த்து வைத்தாலே போதும்.

இந்த இடத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. நம் மாதிரி ஆள்கள் செய்யும் பெரிய தவறு, மூன்று நாளும் ஒரே வேகத்தில் நீந்துவது. நிதானத்துக்குக் கொஞ்சம் அதிகம், கடினத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு நாளும் களைப்பு வரும், அதனால் நன்றாக உழைத்தோம் என்று திருப்தியும் வரும். ஆனால் மாதக்கணக்கில் ஒரு மாற்றமும் இருக்காது. நிதான நாளில் மனசு வந்து மெதுவாகப் போனால்தான், கடின நாளில் உழைக்க உடம்பு இருக்கும்.

எங்கள் கொண்டோ குளம் எத்தனை மீட்டர் என்று தெரியவில்லை.

அளந்துவிடுங்கள். காவலாளியிடம் கேட்காதீர்கள், விற்பனைக் காகிதத்தையும் நம்பாதீர்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் நீண்ட டேப்பை எடுத்துக்கொண்டு, நீங்கள் தொடும் சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை கரையோரமாக அளக்கவும். என் தோழியின் குளத்தை எல்லாரும் 20 மீட்டர் என்றார்கள். அளந்தால் 18. ஐந்து லேப்பை 100 மீட்டர் என்று நினைத்து 2:15 என்று மகிழ்ந்திருந்தேன். உண்மையில் அது 90 மீட்டர். நூறுக்குக் கணக்குப் போட்டால் 2:30.

வளைந்த குளமாக இருந்தால் எந்தக் கோட்டில் நீந்துவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். வாட்சிலும் அந்த நீளத்தையே போடுங்கள். நீளத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டு வாட்ச் தப்பு என்று சொல்வதில் பயனில்லை.

புக்கிட் ஜாலிலில் நீந்தினால் நேரம் கூடுகிறதே?

1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய தேசிய நீர்விளையாட்டு மையக் குளம் 50 மீட்டர். சின்னக் குளத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைத் தள்ளுகிறீர்கள். நாம் நீந்தும் வேகத்தைவிட அந்தத் தள்ளலின் வேகம் அதிகம். ஒரு நொடி மூச்சும் கிடைக்கும். 100 மீட்டருக்கு 18 மீட்டர் குளத்தில் ஐந்து திருப்பம், 50 மீட்டர் குளத்தில் ஒன்றே ஒன்று. அதனால் இரண்டு குளத்துக்கும் தனித்தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குளத்தில் நடுவழியில் பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை என்ற நினைப்பும் ஆரம்பத்தில் வேகத்தைக் கலைக்கும். நாலு ஞாயிறு போனால் அது சரியாகிவிடும்.

வாட்ச் காட்டும் நாடித்துடிப்பை நம்பலாமா?

ஓரளவுக்கு. தண்ணீரில் படுத்த நிலையில் இருப்பதாலும் தண்ணீரின் அழுத்தத்தாலும், அதே உழைப்புக்குத் துடிப்பு தரையில் இருப்பதைவிடச் சுமார் 10 குறைவாக இருக்கும். ஓட்டத்துக்கு வைத்திருக்கும் எல்லைகளை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். 220-இலிருந்து வயதைக் கழிப்பதும் சராசரிதான், உங்கள் உடம்பு அதிலிருந்து நன்றாகவே விலகியிருக்கலாம். மணிக்கட்டில் ஒளியை வைத்து அளக்கும் வாட்சுக்கும் தோலுக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும்.

இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு எண் சுத்தமாகப் பயன்படாது. அந்த மருந்து துடிப்பை ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவர்களுக்கு அடையாள அட்டை எண்தான் நல்லது.

மத்தியானம் நீந்தினால் ஏன் இவ்வளவு களைப்பு?

போட்டிக் குளத்தின் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கடல், ஏரிகளில் நடக்கும் போட்டிகளில் 31 டிகிரிக்கு மேல் அனுமதி இல்லை. எங்கள் கொண்டோ குளத்தில் ஒரு மார்ச் மாத மத்தியானம் தெர்மாமீட்டர் போட்டேன், 32 காட்டியது. தண்ணீர் சூடாக இருந்தால் உடம்பின் சூடு வெளியே போக வழியில்லை. இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், தசைக்கும் அனுப்ப வேண்டும். அன்றைக்கு 2:40-இல் நீந்தினாலே வழக்கமான 2:33-இன் உழைப்பைத் தாண்டிவிடும். வெயில் நேரத்தில் கடிகாரத்தை விட்டுவிட்டு மூச்சை வைத்து நீந்துங்கள். வியர்ப்பது தண்ணீரில் தெரியாது, ஆனால் வியர்க்கிறது. சுவரோரம் குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும். சோதனை எடுப்பதென்றால் காலை ஏழு மணிக்கே எடுங்கள்.

சாயங்காலம் இடி இடித்தால் பேச்சே இல்லை, வெளியே வர வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் மிக அதிகம். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். "இன்னும் நாலு லேப்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புகைமூட்டம் வரும் மாதங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. நீந்தும்போது தண்ணீரின் மேற்பரப்பில் உள்ள காற்றைத்தான் ஆழமாக இழுக்கிறோம். அன்றைக்குத் திறந்தவெளிக் குளத்தில் கடினப் பயிற்சி வேண்டாம்.

சர்க்கரை வியாதி இருக்கிறது. வேகமாக நீந்தலாமா?

நீந்தலாம், நீந்துவது நல்லது. ஆனால் நம்மில் இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவிகிதத்தினருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அதனால் இதைக் கவனமாக எழுதுகிறேன்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்லாசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். தண்ணீருக்குள் வியர்வை தெரியாது, படபடப்பை வேகத்தின் களைப்பு என்று நினைத்துவிடுவோம். நடுத்தர வேகத்தில் போகும்போது திடீரென்று அடையாள எண் குழம்பினால், இலக்கம் மறந்தால், உடனே கரையேறுங்கள். இனிப்புப் பானம் ஒன்றைக் கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். இறங்கும் முன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள் (இங்கே சொல்லும் எண்கள் mmol/L அளவில்). 4-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு முதலில் சிகிச்சை, நீச்சல் பிறகு. 5-ஐ ஒட்டி இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். தனியாக நீந்தாதீர்கள். மருந்தளவு பற்றி உங்கள் டாக்டரிடம், "நான் வாரம் இத்தனை நாள் நீந்துகிறேன்" என்று சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தைப்பூச விரதத்தில் நீந்தலாமா?

ஒரு வேளை மட்டும் சாப்பிடும் நாள்களில் நிதான வேகம் போதும், சோதனையும் கடின நாளும் வேண்டாம். விரதம் முடிந்த வாரம் பழைய எண்ணுக்குத் திரும்புங்கள். காவடி எடுத்துப் பத்துமலைப் படி ஏறியவர்கள் ஒரு வாரம் தோளுக்கும் காலுக்கும் ஓய்வு கொடுங்கள். உடம்பில் அலகு குத்தியவர்கள் காயம் நன்றாக மூடும்வரை குளத்துக்கு வர வேண்டாம்.

எனக்கு பிரெஸ்ட் ஸ்ட்ரோக் மட்டும்தான் வரும்.

எல்லாம் அதே கணக்குதான். அதே சோதனை, அதே ஓய்வு. ஆனால் ஃப்ரீஸ்டைல் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். முழங்கால் வலித்தால் வேகத்தைப் பார்க்காமல் உடனே நிறுத்துங்கள்.

ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) போட்டால் 2:00-இல் வருகிறேன். அதை எழுதிக்கொள்ளலாமா?

தனியாக எழுதுங்கள், "ஃபின்ஸ்" என்று குறித்து.

பக்கத்து லேனில் ஒருவர் என்னைத் தாண்டிப் போனால் மனசு பொறுக்கவில்லை.

அவர் அன்றைக்குக் கடைசி லேப் நீந்துகிறாரா, முதல் லேப்பா, என்ன செட் செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. நான் அவரைப் பார்க்காமல் இருக்க, மூச்சு வாங்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டேன். அப்படியே இரண்டு பக்கமும் மூச்சு வாங்கப் பழகிவிட்டது.

பினாங்கில் மாமா வீட்டுக்குப் போகும்போது கடலில் நீந்துகிறேன். அங்கே பேஸ் எப்படிப் பார்ப்பது?

பார்க்க வேண்டாம். நீரோட்டமும் அலையும் எண்ணை அர்த்தமில்லாததாக ஆக்கிவிடும். நேரத்தை வைத்து நீந்துங்கள்: பத்து நிமிடம் கரைக்கு இணையாகப் போய், பத்து நிமிடம் திரும்புவது. அதுவும் துணையோடு, நிதான வேகத்தில். பத்து ஃபெரிங்கி பக்கம் ஜெல்லி மீன் உண்டு. முழுக்கை உடை போட்டுக்கொள்ளுங்கள், இறங்கும் முன் உள்ளூர் ஆள்களிடம் கேளுங்கள். பினாங்கிலும் வேகப் பயிற்சி வேண்டுமானால் குளத்துக்குப் போங்கள்.

ஆறு மாதமாக நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை.

முதலில், எத்தனை கைவீச்சில் ஒரு லேப் கடக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 25 மீட்டருக்கு முன்பு 28 வீச்சு, இப்போது அதே நேரத்தில் 24 என்றால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். அதே வேகத்துக்குக் குறைந்த செலவு. கடிகாரத்தில் அது கொஞ்சம் பிந்தித்தான் தெரியும்.

வீச்சும் மாறவில்லை என்றால் தெம்பைத் தேடாதீர்கள், உருவத்தைத் தேடுங்கள், அதாவது தண்ணீரில் உடம்பையும் கையையும் வைக்கும் விதத்தை. ஒரு செட் நீந்தும்போது முதல் நூறில் லேப்புக்கு 24 வீச்சு, கடைசி நூறில் 29 என்று வந்தால், கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது. என் வழக்கம் இது: மூன்று வீச்சு கூடினால் அன்றைய கடின செட் முடிந்தது. மீதியை நிதானமாக நீந்திவிட்டு வீட்டுக்குப் போவேன். கெட்ட உருவத்தில் பத்து லேப் நீந்தினால் உடம்பு அந்தக் கெட்ட உருவத்தைத்தான் கற்றுக்கொள்கிறது. யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், பக்கவாட்டில் இருந்து ஒன்று, முன்னால் இருந்து ஒன்று. அல்லது ஒரே ஒரு வகுப்பு, நல்ல கோச்சிடம். சோதனையை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும், வாரா வாரம் எடுத்தால் மனசுதான் கெடும்.

மூச்சை அடக்கி நீந்திப் பழகினால் வேகம் வரும் என்று சிலர் சொல்வார்கள். தண்ணீருக்குள் மூச்சடக்கிப் பழகாதீர்கள், அதுவும் தனியாக. முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பிவிடும்.

அம்மாவுக்கு 64 வயது. இப்போதுதான் நீந்தக் கற்றுக்கொள்கிறார். அவருக்கும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். 100 மீட்டர் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். நெஞ்சளவு தண்ணீரில், குளத்தின் நீளத்தை விட்டுவிட்டு அகலத்தில் நீந்தட்டும். நிற்காமல் எத்தனை மூச்சு நீந்தினார் என்று மட்டும் எண்ணுங்கள். இன்றைக்கு நான்கு மூச்சு, அடுத்த வாரம் ஆறு. அவர் நின்ற இடத்தில் நீங்கள் நில்லுங்கள், முன்னால் போய் "வாங்க, வாங்க" என்று கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் அவசரப்படுவார்.

எங்கள் குழுவின் ஓய்வு பெற்ற தாதி பத்து காஜா பக்கம் ஈயக் குட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர். கரையிலிருந்து இரண்டு அடி வைத்தால் ஆளை முழுங்கும் ஆழம் அந்தக் குட்டைகளில். "தண்ணிப் பக்கம் போனே, காலை உடைச்சிடுவேன்" என்று அவருடைய அம்மா சொன்னது அறுபது வயதிலும் காதில் இருந்தது என்றார். முதல் இரண்டு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் விட்டுப் பழகினார். நான் வேறெதையும் கேட்கவில்லை. மூன்றாவது மாதத்தில் ஒரு ஞாயிறு, பத்து மீட்டர் அகலத்தை ஒன்பது மூச்சில், நிற்காமல், சின்னச் சின்ன உதையோடு கடந்தார். எதிர்ச் சுவரைப் பிடித்து கண்ணாடியைத் தூக்கியதும், "ஆன்ட்டி, அடையாள எண்" என்றேன். பன்னிரண்டு இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, மிச்சம் இருந்த காற்றில் வீட்டுக் கதவு எண்ணையும் சேர்த்துச் சொன்னார்.